எந்திரம் நிற்பதற்கு முன்னே

காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகளே, மெயின்டனன்ஸில் தலை நரைத்தவன் சொல்கிறேன்.

1. லீன் லைனில் இடையே சரக்குத் தேக்கம் அதிகம் இருக்காது. ஒரு மோட்டார் படுத்தால் பின்னாலுள்ள எல்லாமே நிற்கும். பழுதை முன்கூட்டி அறிவது அங்கே அவ்வளவு முக்கியம். கோளாறைக் கண்டதும் நிறுத்தும் சிந்தனை பிறந்தது தறியில்தான். கோளாறு வந்தால் தானே நின்றுவிடும் தானியங்கித் தறியை ஜப்பானில் சாகிச்சி டொயோடா 1924இல் முடித்தார். டொயோட்டா மோட்டார் கம்பெனி 1937இல்தான் வந்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இதைப் பெருமையோடு நினைத்துக்கொள்ளுங்கள்.

2. நன்றாகப் பராமரிக்கும் இடத்தில் பேரிங் உடைவது அபூர்வம். பழுதின் தரவு உங்களுக்குப் போதாது. ஆகவே ஆட்டோஎன்கோடர் என்ற கணினி மாடலுக்கு நல்ல ஓட்டத்தின் அதிர்வை மட்டும் கற்றுக்கொடுங்கள். அதிலிருந்து விலகினால் அது காட்டிக்கொடுக்கும். குறைந்த சுமை, முழுச் சுமை, சித்திரை வெயில் எல்லாம் அந்தப் பாடத்தில் இருக்கட்டும்.

3. கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் நொடிக்கு 25. ஒன்பது குண்டுள்ள 6205 பேரிங்கின் வெளிவளையத்தில் குழி விழுந்தால் நொடிக்கு ஏறக்குறைய 90 தட்டு. நொடிக்குப் பத்து முறை மட்டும் படிக்கும் சென்சாரிடம் அது சிக்காது.

4. அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் பேரிங் தரவில் மாடலுக்கு 99 சதவீதத் துல்லியம் வந்தது என்று துள்ளாதீர்கள். அதிலுள்ள குழிகள் ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே போட்டவை. ஒரே பதிவைத் துண்டாக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் வைப்பது, வினாத்தாளைக் கொடுத்துவிட்டுப் பரீட்சை நடத்துவதுதான். முந்தைய மாதங்களில் பயிற்றுங்கள், பிந்தைய மாதங்களில் சோதியுங்கள்.

5. கழற்றிய பேரிங்கைக் குப்பையில் போடவிடாதீர்கள். வெட்டி, கிரீஸைத் துடைத்து, வளையத்தில் நகத்தை ஓட்டுங்கள். குழி இருந்தால் தட்டும். தேதியோடு பதிவேட்டில் எழுதுங்கள். மாடல் சொன்னது மெய்யா என்பதற்கு அதுதான் சாட்சி.

6. ஆபரேட்டரிடம் தினமும் பேசுங்கள்.

7. பொய் அலாரம் நாலு முறை அடித்தால் ஐந்தாவது முறை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அடித்தால் யார் வருவார், யார் லைனை நிறுத்தலாம் என்பதை மாடலைத் தொடங்குமுன்பே எழுதி வாங்குங்கள். நிறுத்தும் அதிகாரத்தை ஆபரேட்டருக்குக் கொடுக்காத ஆலையில் இந்த வேலைக்குச் செலவழிக்கும் பணம் வீண்.