சுளுக்கும் நரம்பும்



குற்றாலத்தில் சாரல் விழத் துவங்கிவிட்டால் நாங்கள் கேட்பது ஒரே வார்த்தைதான்: "ஐயரே, அருவியில வழுக்கிட்டு, நரம்பு பிசகிட்டு."

நரம்பு என்ற சொல்லை நாம் எதற்கெல்லாமோ பயன்படுத்துகிறோம். யாக்கோபின் தொடைச்சந்தில் தொடப்பட்டதையும் நமது வேதாகமம் நரம்பு என்றே கூறுகிறது (ஆதியாகமம் 32). மருத்துவர்களோ பிரித்துச் சொல்லுகிறார்கள். தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது பந்தகம், அதாவது லிகமெண்ட். பாறையில் வழுக்கிப் பாதம் உட்புறமாய் மடங்கும்போது கணுக்காலின் வெளிப்பக்கத்துப் பந்தகம் இழுபடுகிறது, சில வேளை கிழிகிறது. இதுவே சுளுக்கு. பந்தகத்திற்கு இரத்த ஓட்டம் குறைவானபடியால் ஆறுவதற்கு நாளாகும்.

வீங்கிய காலை உடனே எண்ணெய் போட்டு நீவக்கூடாது. (அலுப்புத் தீர அருவிக்கரையில் தேய்த்துக்கொள்வதை நாங்கள் குறை சொல்லவில்லை.) முதல் இரண்டு மூன்று நாள் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ், கிரேப் பாண்டேஜ், காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தல், இவை போதும். நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலும், கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலித்தாலும் எக்ஸ்ரே அவசியம். எலும்பு முறியவில்லையென்றால் வாரக்கணக்கில் படுத்திராமல் மெதுவாய் அசைக்கத் துவங்கவேண்டும்.

சுளுக்கு ஒரு நொடியில் வருவது. பீடி சுற்றும் சகோதரிகளின் வலி வருஷக்கணக்கில் சேருவது. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் வட்டாரங்களில் மடியில் தட்டும் குனிந்த தலையுமாய் உட்கார்ந்திருக்கும் வீடுகள் அநேகம். கழுத்தும் தோளும் கடுக்கின்றன. ஓயாமல் உழைக்கும் கட்டைவிரலின் தசைநாண்களை மணிக்கட்டில் மூடியிருக்கும் உறை தடித்து, கையைத் திருப்பவே வலிக்கிறது. இந்த நோயை 1895-இல் சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் டி கெர்வேன் விவரித்தார். ஸ்பிளின்ட், ஊசி, சிலருக்குச் சிறு அறுவை என்று வைத்தியம் உண்டு. ஆனால் முதல் மருந்து ஓய்வு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அதை எழுதிக்கொடுப்பது எளிது, எடுப்பது எப்படி?

ஆகவே எங்கள் பிசியோதெரபி சகோதரி வேறு விதமாய்ச் சொல்லிக்கொடுக்கிறார். சுவரில் சாய்ந்து உட்காருங்கள். தட்டின்கீழ் தலையணை வைத்து உயர்த்துங்கள். அரைமணிக்கு ஒருமுறை தட்டை இறக்கிவைத்து கழுத்தையும் விரல்களையும் நீட்டுங்கள். இரவில் ஸ்பிளின்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

"தட்டை இறக்கினா எண்ணிக்கை குறையுமேம்மா" என்றார் ஒரு தாயார். ஆனாலும் பயிற்சியை இரண்டுமுறை செய்து காட்டச் சொன்னார். துணைக்கு வந்திருந்த மகளும் தன் கையை நீட்டினாள். அவளும் பீடி சுற்றுகிறவள்தான்.