தலைவலிக்குக் காத்திருக்காதீர்கள்

“எனக்கெல்லாம் பிரஷர் கிடையாது, ஒரு நாள் தலைவலின்னு படுத்திருக்கேனா?” என்பார் என் அத்தை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண், ஒருநாள் அவரைத் திண்ணையில் உட்காரவைத்துப் பார்த்தபோது 172/104 காட்டியது. அத்தை நம்பவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தார்கள், பெரிய மாற்றமில்லை. உடம்பிலோ ஒரு தொந்தரவும் இல்லை.

உயர் ரத்த அழுத்தத்தில் பெரும்பாலானோருக்கு இப்படித்தான். தலைவலி, கிறுகிறுப்பு, படபடப்பு எல்லாம் வேறு காரணங்களாலும் வரும். அவை இல்லாததால் பிரஷரும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. நம்பக்கூடிய அடையாளம் அளவு ஒன்றுதான். முப்பது வயதைத் தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது பிரஷரோ சர்க்கரையோ இருப்பவர்கள், வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

வீட்டில் பார்ப்பதானால் மேற்கையில் பட்டை சுற்றும் கருவியே நல்லது. பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்கிற நாற்காலியில் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் பதியட்டும், கால்மேல் கால் போடாதீர்கள். கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, சட்டைக் கையை ஏற்றிவிட்டு, வெறும் தோலில் பட்டையைச் சுற்றுங்கள். முழங்கை மடிப்புக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். குழம்பை இறக்கிவைத்த கையோடு வந்து உட்கார்ந்து, “கேஸை அணைச்சியாடி?” என்று பேசிக்கொண்டே பட்டன் அமுக்கினால் வருவது சரியான அளவல்ல.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால், மறுபடி இரவில். இப்படி ஏழு நாள் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். மேல் அளவு 135 அல்லது கீழ் அளவு 85, இரண்டில் ஒன்று எட்டினாலும் நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். (மருத்துவமனையில் பார்க்கும்போது 140/90 என்பது எல்லை.) மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளையும் மறக்காமல் சொல்லுங்கள்; அவற்றில் சில அழுத்தத்தை ஏற்றிவிடும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இந்த ஏழு நாள் கணக்கெல்லாம் கூடாது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு 140/90ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி, திடீரென முகமும் கையும் வீங்குவது என ஏதாவது தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மாசமாக இருந்தால் வீங்கத்தான் செய்யும் என்று பெரியவர்கள் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அளவு 180/120ஐத் தாண்டினால் சில நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். குறையாவிட்டால், தொந்தரவு ஒன்றும் இல்லையென்றாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி, குழப்பம் இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குளறினாலோ கருவியைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் உடனே கூப்பிடுங்கள்.

வண்டி வரும்வரை அடுத்தவருடைய பிரஷர் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். குளறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். தொந்தரவு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அதனால் மருத்துவர் முதலில் அந்த நேரத்தைத்தான் கேட்பார்.