உண்மையைத்தானே சொன்னேன்!



"நான் பொய்யா சொன்னேன்? உண்மையைத்தானே சொன்னேன்!" என்று கூறிப் பலர் தப்பித்துக்கொள்கின்றனர். ஆனால் எட்டாம் கட்டளை பொய்யை மட்டுமா விலக்குகிறது? இல்லாத குற்றத்தைச் சுமத்துவது அவதூறு. உள்ள குறையைத் தக்க காரணமின்றி, அறியாதவரிடம் வெளியிடுவது புறணி. 1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரண்டையும் குற்றமென்கிறது.

தோழி தேர்வில் பார்த்து எழுதியதைக் கண்டால், அவளிடம் தனியே எடுத்துச் சொல்வது அன்பு. தேவையானால் ஆசிரியையிடம் கூறுவது கடமை. பேருந்து நிறுத்தத்தில் நால்வரிடம் கூறுவதோ புறணி.

திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோல், கெடுத்த நற்பெயரையும் சீர்செய்ய வேண்டும். பாவசங்கீர்த்தனம் செய்த பின்னும் அக்கடமை தீராது. கேட்டவர்களையெல்லாம் தேடிச் சென்று திருத்துதல் எளிதா? ஆகவே, நாவைக் காப்போம். பிறர் நற்பெயரையும் காப்போம்.