டிம்மரும் ஒரு சிறு கணக்கும்

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் என்று தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். அந்தக் கணக்கை என் வீட்டில் போட்டுப் பார்க்கத் தவறியதால் நேர்ந்ததை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் கூடத்தின் கூரையில் ஐந்து விளக்குகள். ஐந்துக்கும் ஒரே டிம்மர். அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று, 40 வாட் குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு 100 வாட் பல்புகளை மாட்டினேன். எல்லாரும் பாராட்டினர். இரவில் பாட்டி, "ஏண்டா, என்னமோ பொசுங்குற வாடை வருதே!" என்றார். டிம்மரின் மேல் கை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். உடனே மெயினை அணைத்தோம். டிம்மரின் பின்புறத்தில் '300 வாட்' என்று பொறித்திருந்ததை மறுநாள்தான் கண்டேன்.

முன்பு 5 x 40 = 200 வாட்; குறையில்லை. இப்போது 5 x 100 = 500 வாட். 230 வோல்ட்டில் 300 வாட்டுக்கு 1.3 ஆம்பியர் ஓடும். 500 வாட்டுக்கு ஏறத்தாழ 2.2 ஆம்பியர்.

டிம்மருக்குள் இருப்பது ட்ரையாக் என்னும் குறைகடத்திச் சாவி. நம் மின்சாரத்தில் நொடிக்கு 100 அரை அலைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ட்ரையாக் சற்றுத் தாமதித்துத் திறக்கும். தாமதம் கூடினால் ஒளி குறையும். திறந்திருக்கும்போது அதன் குறுக்கே ஏறத்தாழ ஒரு வோல்ட் நிற்கும். அது ஆம்பியரோடு பெருகி வெப்பமாகிறது. இரண்டு வாட் வெப்பம் அற்பமாகத் தோன்றலாம். காற்றுப் புகாத சுவர்ப் பெட்டிக்குள் அது அற்பமன்று. மேலும், குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆகவே, போட்ட கணத்தில் பாயும் மின்னோட்டம் மிக அதிகம்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை? அது 6 ஆம்பியர், அதாவது 1,380 வாட் வரை தாங்கும். அது காப்பது சுவருக்குள் ஓடும் கம்பியை, டிம்மரையன்று. டிம்மரைக் காப்பது நம் கணக்கே.

சீர்செய்த முறை இது. மெயினை அணைத்தோம். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று, அணைக்கும் முன்பே வேறோர் உயிருள்ள பிளக்கில் பார்த்துவைத்திருந்தோம்; அணைத்த பிறகே டிம்மரைச் சோதித்தோம். டிம்மர் பேஸ் கம்பியில் இருப்பதால், குமிழை அணைத்தாலும் அதன் ஒரு முனையில் மின்சாரம் இருக்கும் என்பதை மறக்கலாகாது. கருகிய டிம்மரைப் பழுது பார்க்காமல் எறிந்தோம். கெட்ட ட்ரையாக் குறுக்கிணைப்பாகி, விளக்கு மங்காமல் முழுதாகவே எரியக்கூடும். கருத்த கம்பி முனையை வெட்டி, பளபளக்கும் செம்பு தெரியச் சீவி, திருகை இறுக்கினார் எலெக்ட்ரீஷியன் அண்ணன்.

பின்னர் 9 வாட் எல்.இ.டி. பல்புகள் ஐந்து வாங்கினோம். மொத்தம் 45 வாட். ஆனால் எல்லா எல்.இ.டி.யும் டிம்மருக்கு ஒத்துவராது, ஒவ்வாதவை மினுக்கும். எனவே ஒளி குறைக்கத்தக்கவை என்று உறையில் அச்சிட்ட பல்பும், எல்.இ.டி.க்கு உரிய டிம்மரும் வேண்டும். எல்.இ.டி.க்கான வாட் அளவு பெரும்பாலும் குண்டு பல்புக்கானதைவிடக் குறைவாகவே குறிக்கப்பட்டிருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

நண்பர்களே, இன்று வீடு சென்றதும் ஒரு டிம்மரின் கீழ் எத்தனை விளக்குகள் என்று எண்ணிப் பெருக்கிப் பாருங்கள். அன்று பாட்டியின் மூக்கு எங்களைக் காத்தது. எல்லா வீட்டிலும் பாட்டி விழித்திருப்பார் என்று சொல்ல முடியாது.