கொம்பு ஏன் முந்துகிறது?

கேள்வி: எங்கள் கோயில் கும்பாபிஷேக மலர் பி.டி.எஃப்.பாக இருக்கிறது. வேர்டுக்கு மாற்றினால் தமிழ் கந்தலாகிறதே, ஏனுங்க? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: 1993இல் அடோபி கொண்டுவந்த பி.டி.எஃப்.புக்கு, எந்த உருவம் தாளில் எங்கே நிற்கிறது என்பதே முக்கியம். 'கொ' அதில் பெரும்பாலும் கொம்பு, க, கால் என மூன்று உருவம். கணினிகளின் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடிலோ ககரம்தான் முதலில். மென்பொருள் இடமிருந்து வலமாகப் பொறுக்கிப் போட, 'கொங்கு' என்பது 'ெகாங்கு' ஆகிவிடுகிறது.

பழைய மலரென்றால் இன்னொரு வம்பு. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உட்கார்ந்திருக்கும். 2010 ஜூனில், நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது; அதற்கு முந்தைய மலர்களில் இந்த வம்பை எதிர்பார்க்கலாம்.

ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கிலக் குப்பையாக வந்தால், எழுத்துருவைத் தேர்ந்து என்.எச்.எம். கன்வர்ட்டரில் மாற்றலாம். கொம்பு முந்தினால், பக்கங்களைப் படமாக்கி கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறங்கள். எழுத்தைப் படித்துத் தரும். அட்டவணைகள் சிதறும், வேறு வழியில்லை. அச்சகத்தில் பேஜ்மேக்கர் மூலக்கோப்பு கிடைத்தால் பாதி வேலை மிச்சம். நன்கொடையாளர் பட்டியலை மட்டும் அச்சுப்பிரதியோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். ஒரு பூஜ்ஜியம் விழுந்தாலும் ஊருக்குப் பதில் சொல்லி மாளாது.