கூட்டுக்கு முன்னே குண்டு

அன்புள்ள தம்பிக்கு,

ஆப்பிரிக்கக் காட்டெருமை வேட்டைக்கென ஒரு ரைபிள் செய்து தரும் வேலை உன்னிடம் வந்திருக்கிறது. தோட்டா எது என்கிற முடிவையும் வாடிக்கையாளர் உன் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். உன் மனம் .460 வெதர்பி மேக்னத்தின் பக்கம் சாய்வது புரிகிறது. 500 கிரெய்ன் குண்டை நொடிக்கு 2,600 அடி வேகத்தில் அனுப்பி, குழல்வாயில் 7,500 அடி-பவுண்டு ஆற்றல் தரும் தோட்டா அது. பக்கத்தில் .375 ஹெச் அண்ட் ஹெச்சை வைத்தால் 300 கிரெய்ன், 2,530 அடி, ஏறத்தாழ 4,260 அடி-பவுண்டு, பாவமாகத்தான் தெரியும். ஆனால் அந்த அட்டவணை சொல்வது குழலின் வாயில் நடப்பதை. எருமையின் தோள் எலும்புக்கு அப்பால் நடப்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. உள்ளே போவது குண்டு; கூடும் மருந்தும் அதை வாசல்வரை கொண்டுவிடும் வண்டி. ஆகவே எந்தக் குண்டு என்று முதலில் முடிவு செய். அதைச் சுமக்கும் கூட்டைப் பிறகு தேடலாம்.

இதற்குப் பழைய சான்று வால்டர் பெல். உகாண்டாவின் கரமோஜாவில் யானை வேட்டையாடிப் பெயர் பெற்ற இந்த ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றில் பெரும்பகுதி 7×57 மௌசர் தோட்டாவால் விழுந்தவை. ஜிம் கார்பெட்டின் புலிக் கதைகளில் வரும் .275 ரிக்பியும் இதே தோட்டாதான். ஆற்றல் கணக்கில் இது .375இன் ஏறத்தாழப் பாதிதான். பிறகு எப்படி? குண்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, அங்குலத்தில் அளந்த அதன் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார். பெல் பயன்படுத்திய 173 கிரெய்ன் குண்டுக்கு வரும் எண் 0.306. .375இன் 300 கிரெய்ன் குண்டுக்கு 0.305. 1905இல் ஓட்டோ போக் வடிவமைத்து, ஆப்பிரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்களிடம் பெயர் வாங்கிய 9.3×62இன் 286 கிரெய்ன் குண்டுக்கும் அதே 0.305. மூன்று வேறு விட்டங்கள், மூன்று வேறு கூடுகள். எண் மட்டும் ஏறத்தாழ ஒன்று. நீளமான, கெட்டியான உறையுள்ள, நசுங்காத குண்டு மிதமான வேகத்தில் நேராக ஆழம் போகும். பெல்லின் ரகசியம் என்று எதையாவது சொல்லலாம் என்றால் இதையும், யானை மண்டையோட்டை அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று அவர் படித்துக்கொண்டதையும்தான் சொல்ல வேண்டும்.

அந்த எண்ணையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. உருக்குலையாத குண்டுக்கு மட்டும் அது பொருந்தும். முனை விரியும் குண்டு தசையில் பட்டதும் விட்டம் பெருகி, துண்டுதுண்டாகச் சிதறினால் எடையும் இழந்து, கணக்கையே மாற்றிவிடும். 1946இல் கனடாவில் ஜான் நோஸ்லர் சேறு படிந்த ஒரு மூஸ் மானின் தோளில் சுட்டபோது குண்டுகள் உள்ளே போகாமல் உடைந்தன. அவர் கையில் இருந்தது .300 ஹெச் அண்ட் ஹெச், வேகத்துக்குக் குறைவில்லை. அவர் அதைவிடப் பெரிய கூட்டைத் தேடிப் போகவில்லை. குண்டுக்குள் ஒரு குறுக்குச் சுவரை வைத்தார்: முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் ஊடுருவும். இன்று முழுச் செம்பில் கடையப்படும் குண்டுகள் எடையைச் சிந்தாமல் போவதால், கொஞ்சம் இலகுவான குண்டும் பழைய கனத்த குண்டின் வேலையைச் செய்துவிடுகிறது. எருமைக்கு முதலில் இப்படி ஒன்று, தேவைப்பட்டால் அடுத்து விரியாத ‘சாலிட்’ ஒன்று என்று வைக்கலாம்; வாடிக்கையாளர் எந்தக் குண்டுகளைச் சுடப்போகிறார் எனக் கேட்டு எழுதி வை.

“காயம்பட்ட எருமை பாய்ந்து வரும்போது பெரிய தோட்டாதானே காப்பாற்றும்?” என்று கேட்பாய். நியாயமான கேள்வி. பாயும் மிருகத்தை அந்த இடத்திலேயே நிறுத்துவது மூளையிலோ முதுகுத்தண்டிலோ பட்ட அடி. சற்றே விலகிப் பட்டாலும் தடுமாற வைக்கும் சக்தி பெரிய குண்டுக்கு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். அதனால்தான் வேட்டைக்கு வழிகாட்டிச் செல்லும் தொழில்காரர்கள் .416உம் .458உம் .470உம் வைத்திருக்கிறார்கள். அது அவர்களுடைய அன்றாட வேலை. உன் வாடிக்கையாளர் செய்ய வேண்டியது வேறு: அந்த நிலை வராதபடி முதல் குண்டைச் சரியான இடத்தில் வைப்பது. .375இன் உதையே சாதாரண .30-06ஐப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு; .460இன் உதை அந்த .375ஐயும் இரண்டு மடங்கு தாண்டும். விசையை அழுத்துமுன்பே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் ஒருவருக்கு வந்துவிட்டால், 7,500 அடி-பவுண்டும் புல்லில்தான் விழும். குழல்வாயில் ‘பிரேக்’ பொருத்தினால் உதை குறையும்தான். ஆனால் கூடும் சத்தத்தை வாங்கிக்கொள்ள, பக்கத்தில் நிற்பவரின் காது என்ன பாவம் செய்தது?

இனி கூட்டுக்கு வரலாம். கூட்டை முதலில் முடிவு செய்து குண்டை அதற்குள் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு .458 வின்செஸ்டர் மேக்னமே சாட்சி. சாதாரண நீள போல்ட் அமைப்புக்குள் அடங்க வேண்டும் என்று 1956இல் வந்த அதன் கூடு இரண்டரை அங்குலம்தான். நீண்ட 500 கிரெய்ன் குண்டு உள்ளே இறங்கிய பிறகு மருந்துக்கு இடம் போதவில்லை, இறுக்கி அமுக்கினார்கள். நாள்பட இருந்த மருந்து கட்டிதட்டி ஒழுங்காக எரியவில்லை, சொன்ன வேகமும் வரவில்லை என்று புகார்கள் எழுந்தன. பின்னால் மருந்தை மாற்றிச் சரிசெய்தார்கள் என்றாலும் பெயர் கெட்டது கெட்டதுதான். 1971இல் ஜாக் லாட் கூட்டை 2.8 அங்குலமாக நீட்டினார். .458 லாட் ரைபிளில் பழைய .458 தோட்டாவையும் சுடலாம் என்பது கூடுதல் வசதி. இதற்கு நேரெதிர் 1911இன் .416 ரிக்பி. கார்டைட் மருந்து வெயிலில் சூடேறினால் அழுத்தம் எகிறும். அழுத்தம் எகிறினால் காலிக் கூடு அறையில் ஒட்டிக்கொள்ளும். எருமை எதிரே நிற்கையில் கழலாத காலிக் கூட்டைவிடக் கெட்டது வேறில்லை. அதனால் பெரிய கூடு, குறைந்த அழுத்தம் என்று வைத்தார்கள். விலை என்னவென்றால், நீளமும் பருமனுமான போல்ட் அமைப்பு வேண்டும். செலவு உன் வாடிக்கையாளருடையது.

சட்டம் வேறு இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சி சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாக்களைத் தடை செய்தது. கிளர்ச்சிக்காரர்களின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அவற்றின் குண்டுகள் போய்ச் சேரும் என்ற பயம். .465, .470, .475 எல்லாம் அந்தத் தடைக்குப் பிறந்த பிள்ளைகள், எந்த மிருகமும் கேட்டு வந்தவை அல்ல. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆப்பிரிக்காவிலோ பல நாடுகள் ஆபத்தான விலங்குகளுக்குக் குறைந்தபட்சம் .375 என்று விதித்திருக்கின்றன. பெல்லின் 7 மில்லிமீட்டரை இன்று அங்கே அனுமதிக்க மாட்டார்கள். அனுமதித்தாலும் பெல் அல்லாதவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பெட்டி விமானத்தில் தொலைந்துபோனால் உள்ளூர்க் கடையில் கிடைக்கக்கூடிய தோட்டாவும் .375தான். 1912இலிருந்து நிற்கிறது, உடல் சரிந்து ஒடுங்கும் கூடு என்பதால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பட்டியலில் கவர்ச்சியில்லாத அந்தப் பெயரை வாடிக்கையாளரிடம் முதலில் சொல். அவர் உதை தாங்கிப் பழகியவர் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டால் .416 வரை போ.

தோட்டா அறையைக் கடையும் ரீமர் என்ற கருவிக்குப் பணம் கட்டும் முன், வாடிக்கையாளர் தேர்ந்த குண்டைக் கூட்டில் அழுத்தி, மருந்தும் கேப்பும் இல்லாமல் பத்துத் தோட்டா செய்துகொள். குண்டின் முனை மேகசினுக்குள் அடங்குகிறதா என்று பார். குழல் பொருத்தியானதும் அதே பத்தையும் மெதுவாக ஒருமுறை, பிறகு பயந்தவன் இழுப்பதுபோல் வேகமாக ஒருமுறை போல்ட்டை இழுத்துத் தள்ளிப் பார். எங்கே தட்டுகிறது என்பதை எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்