காது கேளாதவரின் கைபேசியும் கைப்பணமும்

புதுவாயல் கூட்டுச்சாலைக் கடைகளில் இப்போது பணம் வந்ததைச் சொல்வது ஸ்பீக்கர் பெட்டிதான். கடைக்காரருக்கே காது கேட்காவிட்டால்? வாடிக்கையாளர் நீட்டும் திரையை நம்பவே கூடாது. போலி ரசீது காட்டும் செயலிகள் உலவுகின்றன. உங்கள் கைபேசியில் வரவு பதிவான பிறகே பொருளைக் கொடுங்கள். செட்டிங்ஸில் 'அணுகல்தன்மை' பகுதிக்குள் போனால், அறிவிப்பு வரும்போது கேமரா விளக்கு மின்னும்படி வைக்கலாம். ஐபோனிலும் ஆண்ட்ராய்டு 14 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புள்ள பல போன்களிலும் இந்த வசதி உண்டு.

பணம் பெறுவதற்கு 'பின்' (PIN) எண் தேவையே இல்லை. கேட்டால் மோசடிதான். வீடியோ அழைப்பில் சைகை மொழியிலேயே பேசினாலும் சரி, கொடுக்காதீர்கள்.

வங்கிக்குப் போகும்போது கூகுளின் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' செயலியைத் திறந்து கவுன்ட்டரில் வையுங்கள். இலவசம்; எதிரில் இருப்பவர் பேசும் தமிழ் எழுத்தாக ஓடும். எண்களை மட்டும் தாளில் எழுதி வாங்குவது நல்லது.

பணம் பறிபோனால் 1930 என்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்கிறார்கள். பேசிப் புகார் சொல்ல முடியாதவர்கள் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் எழுத்திலேயே பதியலாம். பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் சேருங்கள். வங்கிக்கும் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாத திருட்டை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையதல்ல என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. பின் எண்ணை நீங்களே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை போனது உங்கள் பணம்தான்.

சிப்காட் தொழிற்பேட்டையில் காது கேளாதவர்களுடன் வேலை செய்பவர்களே, 1930-ஐ அழைக்க உங்கள் குரலைக் கொஞ்சம் கொடுங்கள்.